தி மிண்டி ப்ராஜெக்ட் மாதிரி வேறு தொடர் இருக்கிறதா?

வணக்கம் மக்களே. 'தி மிண்டி ப்ராஜெக்ட்' ஆறு சீசனும் பார்த்து முடித்தாயிற்று. 2012இல் அமெரிக்காவின் ஃபாக்ஸ் டிவியில் தொடங்கி, ஹுலு என்ற ஓடிடி தளத்துக்கு மாறி 2017இல் முடிந்த நகைச்சுவைத் தொடர். மன்ஹாட்டனில் ஒரே கிளினிக்கில் கூட்டாளிகளாக இருக்கும் மகப்பேறு டாக்டர்கள். அதே கட்டடத்தில் கடை விரித்து, அவர்களிடம் வரும் கர்ப்பிணிகளைத் தங்கள் பக்கம் இழுக்கும் அண்ணன் தம்பிகள், அதுவும் பிரசவம் பார்க்கும் ஆண் மருத்துவச்சிகள்! அந்தச் சண்டைக்காகவே பார்த்தேன். (தொடரை உருவாக்கி நாயகியாக நடித்த மிண்டி கேலிங்கின் அப்பா தமிழர், மறைந்த அம்மா நிஜமாகவே மகப்பேறு மருத்துவர்.) போகப்போகக் காதல் கதை கிளினிக்கை விழுங்கிவிட்டதுதான் கடுப்பு.

இதே போல, டாக்டர்கள் கூட்டுச் சேர்ந்து கிளினிக் நடத்தும் நகைச்சுவைத் தொடர் தெரிந்தால் சொல்லுங்களேன். பெரிய ஆஸ்பத்திரி, ஆபரேஷன் தியேட்டர் கதையெல்லாம் வேண்டாம். 'பெக்கர்' பார்த்தாயிற்று, அங்கே ஒரே டாக்டர்தான். அப்புறம், பழைய பிரிட்டிஷ் தொடராக இருந்தாலும் சரி, இந்தியாவில் எதில் பார்க்கலாம் என்றும் சொன்னால் புண்ணியமாகப் போகும்.