மைக் ஆனில் இருப்பதை யாரும் சொல்லவில்லை

தாழ்வாரம்:
கல்லூரி ஆண்டு விழா, தொகுத்து வழங்குவது நான். காலரில் குத்துகிற மைக், இடுப்பில் பெட்டி, வழக்கமானதுதான். "மேடம், நீங்க எதையும் தொடாதீங்க, மிக்சர்ல நான் கட் பண்ணிக்கிறேன்" என்று சவுண்ட் சர்வீஸ் தம்பி சொல்லியிருந்தார். சிறப்பு விருந்தினர் வர நேரமாகிறது, அரங்கம் நிரம்பிக் காத்திருக்கிறது, நான் மேடைக்குப் பின்னால் ஏசி அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினேன். அண்ணன் போன். நகைக்கடனுக்கு ஏல நோட்டீஸ் வந்திருக்கிறது என்றான். "அம்மா ஆரமும் போச்சுன்னா நான் யார் முகத்துல முழிப்பேன், சம்பளம் வர இன்னும் பத்து நாள் இருக்குடா" என்று அழுதுகொண்டே கத்தினேன். அப்புறம் முகம் கழுவிக்கொண்டு மேடைக்குப் போனால் ஒருவர்கூட என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. ஏன் என்று புரியாமலே விழாவை முடித்தேன். கடைசியில் ஒரு மாணவி ஓரமாக வந்து, "மேம், எங்க அப்பாவுக்கும் அந்த நோட்டீஸ் வந்துச்சு, வட்டியை மட்டும் கட்டினா டைம் குடுத்தாங்க" என்றாள். எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

நடத்துநர்:
எங்கள் பஸ் ஸ்டாண்டிலும் நடந்தது. டைம் கீப்பர் அறையில் இருப்பது அழுத்திப் பேசுகிற மைக். அந்தப் பொத்தான் உள்ளே போய்ச் சிக்கிக்கொண்டது, அவருக்குத் தெரியாது. மகள் பிரசவத்துக்கு இரண்டு நாள் லீவு கேட்டு மேலாளரிடம் போனில் கெஞ்சுகிறார், பெரிய மனுஷன், குரல் உடைகிறது, பதினோரு மணி வெயிலில் ஸ்டாண்ட் முழுக்கக் கேட்கிறது. ஓடிப் போய்க் கண்ணாடியைத் தட்டினேன். டைம் கேட்க வந்திருக்கிறேன் என்று நினைத்து, பொறு என்று கையைக் காட்டிவிட்டு இன்னும் சத்தமாகக் கெஞ்சினார். அந்தக் கை இன்னும் கண்ணுக்குள்ளேயே இருக்கிறது.

மூன்றாம் மாடி:
முதல் பதிவு போட்ட மேடத்துக்கு: பெட்டியிலேயே சுவிட்ச் இருக்குமே, அணைத்திருக்கலாமே? இதெல்லாம் எல்லோருக்கும் நடப்பதுதான். 2021 பிப்ரவரியில் டெக்சாஸில் ஒரு வக்கீல் ஜூம் விசாரணையில் பூனை முகத்தோடு வந்து, நான் பூனை இல்லை என்று நீதிபதியிடம் சொன்னார், உலகமே சிரித்தது, அவரும் சேர்ந்து சிரித்துவிட்டுப் போனார். இவ்வளவு மனதில் வைத்துக்கொள்ள வேண்டாம்.

நடத்துநர்:
அது வேற, இது வேற சார். பூனை முகத்தில் அவர் வீட்டு விஷயம் எதுவும் வெளியே வரவில்லை. ஒப்பிட வேண்டுமென்றால் 2010 தேர்தலில் பிரிட்டிஷ் பிரதமர் கார்டன் பிரவுனைச் சொல்லுங்கள். ராச்டேலில் ஒரு அம்மாவிடம் சிரித்துப் பேசிவிட்டுக் காரில் ஏறி அவரைத் திட்டினார், சட்டையில் டிவிக்காரர்கள் மைக் அப்படியே இருந்தது. அன்றைக்கே ரேடியோவில் அந்த ஒலிப்பதிவைப் போட்டுக் காட்டியபோது தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். அவராவது வாய்விட்டு ஒருத்தரைத் திட்டினார். இந்த மேடம் யாரை என்ன சொன்னார்? போன் பேசினார், அவ்வளவுதான்.

ஆம்ப்ளிஃபயர்:
கல்யாணம், கோயில், கல்லூரி என்று சவுண்ட் சர்வீஸ் வேலைதான் பார்க்கிறேன். மூன்றாம் மாடி சொல்வதை ஒத்துக்கொள்ள மாட்டேன். பேசுகிறவர் சுவிட்சைத் தொடக்கூடாது என்று நாங்கள்தான் சொல்கிறோம், அதற்குக் காரணமும் உண்டு. மிக்சரில் சேனல் திறந்திருக்கும்போது பெட்டியை அணைத்தால் சில செட்டில் ஸ்பீக்கரில் படார் என்று அடிக்கும், திரும்பப் போட மறந்து மேடையில் ஊமையாக நிற்பவர்களும் உண்டு. அதனால் அணைக்கிற பொறுப்பு முழுக்க மிக்சரில் நிற்பவனுடையது. அந்தத் தம்பி சாப்பிடப் போயிருப்பான், இல்லை செல்போன் பார்த்திருப்பான், அதற்கு மேடம் என்ன செய்வார்? இன்னொன்று, காலர் மைக் பெரும்பாலும் எல்லாப் பக்கமும் கேட்கிற வகை, வாய்க்கு நேராக இருக்க வேண்டும் என்பதே இல்லை. வயர்லெஸ் என்பதால் பின்னறை, கழிப்பறை எல்லாம் அதற்கு ஒரு தூரமே கிடையாது, கதவைச் சாத்தினாலும் பெரும்பாலும் எடுத்துவிடும். அதனால் மேடையை விட்டு இறங்கியதும் பெட்டியோடு கழற்றி ஆபரேட்டர் கையில் கொடுத்துவிடுங்கள். அதற்கு நேரமில்லையா, பெட்டியில் மியூட் என்று தனியாக ஒரு பொத்தான் இருக்கிறதா என்று விழாவுக்கு முன்னாலேயே கேளுங்கள், பவர் சுவிட்ச் வேறு, அது வேறு, மியூட் போட்டால் சத்தம் அடிக்காது. போன் வந்தால் மைக்கைக் கையால் பொத்துவதில் பயனில்லை, கரகரப்புதான் கூடும். நடத்துநர் சொன்ன அழுத்துகிற மைக்கில் தூசி போனாலே பொத்தான் சிக்கும், பஸ் ஸ்டாண்டில் கேட்கவே வேண்டாம், பக்கத்தில் ஒரு சிவப்பு விளக்கு வைத்துக் கொடுக்கச் சொல்லுங்கள், செலவு ரொம்ப ஆகாது.

மூன்றாம் மாடி:
சரி, சுவிட்ச் விஷயம் எனக்குத் தெரியாது, விடுகிறேன். ஆனால் அரங்கத்தில் அத்தனை பேராசிரியர்கள் இருந்தும் ஒருவர்கூட எழுந்து போய்க் கதவைத் தட்டவில்லையே, அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

தாழ்வாரம்:
நானும் அதைத்தான் நினைத்துக்கொண்டே இருக்கிறேன். நடத்துநர் ஓடினார், பலிக்கவில்லை, ஆனாலும் ஓடினார். எங்கள் முதல் வரிசைக்கும் அந்த அறைக்கும் இருபது அடிகூட இருக்காது. மறுநாள் ஸ்டாஃப் ரூமில் எல்லோரும் கூடுதல் அன்பாகப் பேசினார்கள், ஒருவர் டீ வாங்கித் தந்தார், அந்தப் பேச்சை மட்டும் யாரும் எடுக்கவில்லை. ஆரம் ஏலத்துக்குப் போகாமல் தப்பியது, அந்தப் பெண் சொன்ன மாதிரி வட்டியைக் கட்டித்தான். அடுத்த மாதம் இன்னொரு விழா, மறுபடியும் என் பெயரையே போட்டிருக்கிறார்கள். கை மைக் என்றால் செய்கிறேன் என்று முதல்வரிடம் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

ஆம்ப்ளிஃபயர்:
கை மைக்கே கேளுங்கள் மேடம். போடியத்தில் வைத்துவிட்டு வந்துவிடலாம்.