வாளியில் வந்த சிவப்பு மீன்

கோட்டயம் பக்கம் ஒரு வாடகை வீட்டில் ஐந்து வருடம் இருந்தேன். வெட்டுக்கல்லைக் குடைந்து எடுத்த கிணறு. உள்ளே எட்டிப் பார்த்தால் ஊற்றுக்கண்கள் தெரியும். ஒரு நாள் காலை துணி அலசக் கோரிய வாளியில் சிவப்பாக ஏதோ நெளிந்தது. மண்புழு என்றுதான் நினைத்தேன். குனிந்து பார்த்தால் வாயோரம் மீசை! கெளுத்தி இனம். கண் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுமில்லை. தோலில் நிறமே இல்லாததால் உள்ளே ஓடும் இரத்தம்தான் சிவப்பாகத் தெரிந்தது. என் சுண்டுவிரலில் பாதி நீளம் இருக்கும்.

வீட்டுக்கார அம்மாவைக் கூப்பிட்டேன். "அது எப்போதாவது வரும், கொட்டிவிட்டு வேறு தண்ணீர் கோரு" என்றார். செம்பருத்திச் செடியின் அடியில் கொட்டிவிட்டேன். 2023இல் தென்கேரளக் கிணறுகளில் கிடைத்த இப்படியொரு மீனுக்குப் புதிய இனமாகப் பெயர் வைத்த செய்தியையும் படத்தையும் பார்த்தபோது வயிற்றைப் பிசைந்தது. வேறு யார் கையிலாவது அகப்பட்டிருக்கிறதா?

*

அக்கா, நான் தென்காசிக்காரன். கேரளத்தில் கிணறு இறைத்துத் தூர் வாருவது இருபது வருடப் பிழைப்பு. நீங்கள் சொல்லும் மீனை நாலைந்து முறை பார்த்திருக்கிறேன். மோட்டார் வைத்துத் தண்ணீரை வற்ற அடித்தபின், ஊற்றுக்கண்ணிலிருந்து புதுத் தண்ணீர் பீறிடும்போது அதோடு சேர்ந்து வந்து விழும். கிணற்றில் வாழும் மீன் அல்ல, பாறைக்குள் வாழ்ந்து தவறி வரும் மீன் என்று எங்கள் மேஸ்திரி சொல்வார். வேலை முடிந்ததும் ப்ளீச்சிங் பவுடர் போடுவோம். அதற்குப் பிறகு ஒன்றும் மிஞ்சாது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

ஒரு முறை மகனுக்குக் காட்டலாம் என்று ஒன்றைப் புட்டியில் பிடித்துப் பிராந்தி ஊற்றி வைத்தேன். வெளுத்துப்போய்விட்டது. அதை யாரிடமாவது கொடுத்தால் உபயோகமா?

*

அண்ணா, உங்கள் மேஸ்திரி சொன்னது சரி. செம்பாறைக்குள் இருக்கும் நிலத்தடி நீர்தான் அதன் ஊர். கிணறு நமக்கு அதைக் காட்டும் ஜன்னல், அவ்வளவுதான். நான் மீன் வகைப்பாடு படிக்கும் மாணவன், 2023 ஆய்வுக்குழுவில் இல்லை. ஆனால் இந்தக் குடும்பத்து மீன்களோடு நுண்ணோக்கியின் முன் பல மாலைகள் போயிருக்கின்றன.

இந்த இனக்குழுவின் பெயர் ஹோராகிளானிஸ். மீனியல் அறிஞர் சுந்தர்லால் ஹோராவின் பெயரால் வந்தது. முதல் இனத்தை 1950இல் மேனன் விவரித்தார், அக்கா இருந்த அதே கோட்டயத்துக் கிணற்று மீனை வைத்து. இரண்டாவது 2004இல் வந்தது. 2012இல் வந்த மூன்றாவதற்கு நம் அப்துல் கலாமின் பெயர். நான்காவதுதான் அக்கா படித்த ஹோராகிளானிஸ் பாப்புலி. இலத்தீனில் 'மக்களுடைய' என்று பொருள். பெயர் பொருத்தமானது. கிணற்று வீட்டுக்காரர்கள் ஆறு வருடம் தகவலும் மீனும் கொடுத்து உதவியதில் 47 புதிய இடங்களும் 65 மரபணு வரிசைகளும் கிடைத்தன.

ஒரு புதிய இனத்தை விவரிப்பது என்றால் துடுப்புக் கதிர்களை எண்ணுவது, தலை நீளத்தை அளப்பது, பழைய மாதிரிகளோடு ஒப்பிடுவது என்று நினைத்துத்தான் வந்தேன். இந்த மீன்கள் அந்த நினைப்பைக் கெடுத்துவிட்டன. மூன்று சென்டிமீட்டர் உடலில் அளப்பதற்கே ஒன்றும் இல்லை. வெவ்வேறு கிணற்று மீன்கள் இரண்டைத் தட்டில் வைத்துவிட்டுத் தேநீர் குடித்துத் திரும்பினால் எது எதென்று எனக்கே தெரியவில்லை. உருவம் மாறவில்லை, மரபணுவில் மட்டும் பெரிய தூரம். இருட்டில் அழகு பார்க்க ஆள் இல்லை என்பதாலோ என்னவோ!

அதனால்தான் மீனைப் பதப்படுத்த ஃபார்மலின் திரவம் மட்டும் போட்டால் எங்களுக்குத் தலைவலி. உருவம் நிற்கும், மரபணுவைப் பிரித்தெடுப்பது பெரும்பாடு. பிராந்தியில் பாதிக்கு மேல் தண்ணீர், ஆகையால் அதையும் நம்ப முடியாது; 95 சதவீதத்துக்கு மேற்பட்ட எத்தனால் வேண்டும். ஆனாலும் புட்டியை எறியாதீர்கள். கொச்சியில் உள்ள கேரள மீன்வள, கடல் ஆய்வுப் பல்கலைக்கழகத்தில் கேட்டுப் பார்க்கலாம். எந்தக் கிணறு, எந்த மாதம், எத்தனை அடி ஆழம் என்று ஒரு சீட்டில் பென்சிலால் எழுதி உள்ளேயே போட்டுவிடுங்கள். மை கரைந்துவிடும்.

*

தம்பி, புட்டி பரணில் பத்திரமாக இருக்கிறது. சிக்கல் நீங்கள் கேட்ட சீட்டில்தான். அந்த வாரம் மூன்று கிணறு இறைத்தோம். இரண்டு மணிமலையாற்றுக்கு இந்தப் பக்கம், ஒன்று அந்தப் பக்கம். எதில் விழுந்தது என்று எவ்வளவு யோசித்தும் பிடிபடவில்லை. மேஸ்திரிக்கு ஞாபகம் இருக்கலாம். இன்று இரவு தொலைபேசியில் கேட்கிறேன்.