மரக் கப்பல் கிட் கட்டின அனுபவம்: கொழும்புக்காரர் சொல்லுங்கோ

தெகிவளைத் தம்பி

பிறந்தநாளுக்கு மனைவி ஒரு மரப் பாய்க்கப்பல் கிட் வாங்கித் தந்திருக்கிறா. பெட்டியைத் திறந்தேன், அப்படியே மூடிவிட்டேன். நூற்றுக்கணக்கில் மெல்லிய மரக்கீலம், இரண்டு மூன்று நிறத்தில் நூல், பாய் விரித்த மாதிரி ஒரு வரைபடம். கொழும்பில இருந்து இதைக் கட்டி முடித்தவர்கள் இருக்கிறீங்களோ? எங்கே பிழை விட்டீர்கள் என்று சொன்னால் போதும். எல்லாம் சரியாக வருகிற கதை யூடியூபில் கிடக்கு.

வெள்ளவத்தை நாலாம் மாடி

பிழை விட்ட கதை என்றால் என்னிடம் கேளுங்கள். ஒரு கப்பலுக்கு மூன்று வருடம் எடுத்தவன் நான்.

2021 கடைசியில் ரொறன்ரோவிலிருந்து ஒன்றுவிட்ட அண்ணா வந்தவர். மற்றவர்கள் சொக்லேட்டும் சம்பூவும் கொண்டுவருவார்கள். இவர் ஒரு நீளப் பெட்டியைக் கொண்டுவந்து மடியில் வைத்தார். உள்ளே புளூநோஸ். கனடாவின் பத்துச் சதக் காசில் 1937இலிருந்து நிற்கிற அதே கப்பல்தான். நோவா ஸ்கோஷியாவில் லூனன்பேர்க் என்ற ஊரில் 1921இல் கட்டி இறக்கினது. இரண்டு பாய்மரம். மீன் பிடிக்கவும் போகும், பந்தயமும் ஓடும். 1946இல் ஹெயிட்டிப் பக்கம் கற்பாரில் ஏறி முடிந்துபோனது.

அளவு 64இல் ஒரு பங்கு. உண்மைக் கப்பல் 143 அடி, ஆகவே மாதிரியின் உடல் மட்டும் 68 சென்ரிமீற்றர் வரும். பாய்மரம் நட்ட பிறகு உயரம் இரண்டடிக்கு மேல். இதை நான் முதலில் யோசிக்கவே இல்லை, பெட்டி மெல்லிசாக இருந்ததில் ஏமாந்துவிட்டேன். தம்பி, முதலில் வைக்கிற இடத்தை அளந்துபாருங்கோ.

கட்டுகிற முறை உங்கள் கிட்டிலும் அநேகமாக இதுவாகத்தான் இருக்கும். நடுவில் ஒட்டுப்பலகையில் வெட்டின ஒரு முதுகெலும்பு. அதற்குக் குறுக்கே விலா எலும்பு போலச் சட்டங்கள். அதற்கு மேலால் கீலம் கீலமாக ஒட்டி மூட வேண்டும். ஒட்டுமுன் சட்டங்களின் விளிம்பைக் கீலம் படிகிற சரிவுக்குத் தேய்க்க வேண்டும். கையேட்டில் அதற்கு ஒரே ஒரு வசனம். எனக்கு மூன்று கிழமை. அதில் அவசரப்படாதீர்கள். சரிவு பிழைத்தால் கீலம் சட்டத்தின் ஒரு முனையில் மட்டும் தொட்டுக்கொண்டு நிற்கும். எல்லாம் மூடிக் கடைசியில் கையால் தடவும்போது கப்பல் பட்டினி கிடந்த மாடு மாதிரி இருக்கும்.

எங்கள் பிளாட்டின் யன்னலைத் திறந்தால் மரைன் ட்ரைவ், ரயில் பாதை, கடல். உப்புக்காற்றில் கதவுப் பிணைச்சலே இரண்டு வருடத்தில் துருப்பிடிக்கும். சுப்பர் குளூ போட்ட இடமெல்லாம் அடுத்த நாள் காலையில் திருநீறு பூசின மாதிரி வெள்ளை பூத்துக் கிடந்தது. ஈரப்பதம் கூடின இடத்தில் அது அப்படித்தான் செய்யும். அதன்பிறகு சாதாரண வெள்ளை மரப்பசைக்கு மாறினேன். காய நேரம் எடுக்கும், அதனால் ஓர் இரவுக்கு இரண்டு கீலம்தான். இறுக்கிப் பிடிக்க உடுப்புக் கிளிப்.

இனி என்னுடைய பெரிய மடைத்தனம். மேசையில் கப்பலின் இடப்பக்கம் என் பக்கமாக இருந்தது. கைக்கு எட்டின பக்கத்தையே ஒட்டிக்கொண்டு போனேன். பன்னிரண்டு கீலம், ஒரே பக்கத்தில். ஒரு ஞாயிறு காலை ஒரு கண்ணை மூடிக்கொண்டு முன்பக்கத்திலிருந்து பார்த்தால் முதுகெலும்பு கோழிக்கூட்டு வாழைப்பழம் போல வளைந்து கிடந்தது.

அது 2022 மார்ச். ஒரு நாளில் பதின்மூன்று மணித்தியாலம் வரை மின்வெட்டு. லிஃப்ட் இல்லை. ஆறாம் மாடியில் இருக்கிற ஒரு ஐயா, எண்பது தாண்டினவர், கீழே போய் பேப்பர் வாங்கிக்கொண்டு ஏறிவரும்போது எங்கள் மாடியில் இளைப்பாறுவார். அவருக்கென்று வாசலில் ஒரு கதிரை போட்டு வைத்திருந்தோம். காற்றுக்காகக் கதவும் திறந்தே இருக்கும். அன்றைக்கு எட்டிப் பார்த்தார்.

“உதென்ன தம்பி, தோணியோ?”

“கப்பல் ஐயா. கனடாக் கப்பல்.”

உள்ளே வந்து இரண்டு கையாலும் தூக்கினார். பெருவிரலை அடியால் ஓடவிட்டார்.

“ஏரா இழுபட்டுப் போச்சு.”

ஏரா என்றால் என்ன என்று எனக்குத் தெரியாது. ‘கீல்’ என்று கையேட்டில் படித்ததுதான் என் அறிவு. அதுதான் ஏரா என்றார். நான் சட்டம் என்று சொல்வது வங்கு. முன்பக்கம் அணியம். ஐயா வல்வெட்டித்துறை. பெடியனாக இருந்த காலத்தில் கடற்கரையில் கப்பல் கட்டுகிற மேத்திரிமாருக்கு உளி எடுத்துக் கொடுத்தவராம். பிறகு கொழும்புக்கு வந்து முப்பது வருடம் கணக்கெழுதினாராம். உளியைப் பற்றி யாரும் கேட்டதில்லையாம்.

“ஒரு காதுக்கு மட்டும் தோடு போட்டு ஆரும் பிள்ளையை அனுப்புறதே? இஞ்சால ஒண்டு அடிச்சால் அங்கால ஒண்டு அடிக்க வேணும். இல்லாட்டி ஏராவை இழுத்துப்போடும்.”

ஒட்டினதைக் கழற்றச் சேர்ஜிக்கல் ஸ்பிரிட். பஞ்சில் நனைத்துப் பொருத்தின் மேல் வைத்தால் வெள்ளைப் பசை இளகும். இரண்டு இரவு. வீடு முழுக்க ஆஸ்பத்திரி வாசம். பன்னிரண்டில் ஒன்பது கீலம் முழுதாகத் தப்பியது. முதுகெலும்பை லேசாக நனைத்து, இரண்டு அலுமினியச் சட்டத்துக்கு நடுவில் இறுக்கி ஒரு கிழமை வைத்தோம். முழுதாக நிமிரவில்லை. இன்றைக்கும் இரண்டு மில்லிமீற்றர் வளைவு இருக்கிறது. ஐயாவுக்கும் எனக்கும் மட்டும் தெரியும், இப்போது உங்களுக்கும்.

அணியத்தில் கீலம் வளைப்பதுதான் எல்லாருக்கும் பயம். நான் கீலத்தை விளிம்புப் பக்கமாக மேலே தள்ளி, இடைவெளியை மூடப் பார்த்தேன். அது முறுக்கிக்கொண்டு எழும்பியது. ஐயா என் கையிலிருந்து வாங்கி, பசை இல்லாமல், நடு வங்கில் ஒரு கிளிப் மட்டும் போட்டுக் கீலத்தைத் தன் பாட்டில் அணியம் வரை போகவிட்டார். அது பக்கத்துக் கீலத்தின் மேல் ஏறிக்கொண்டு போனது. ஏறத் தொடங்கின இடத்தில் பென்சிலால் ஒரு கோடு. எவ்வளவு ஏறியதோ அவ்வளவை அந்த இடத்திலிருந்து முனை வரை சீவி எடுத்தார். திருப்பி வைத்தால் வந்து உட்கார்ந்தது. “தட்டைப் பக்கத்தால மட்டும் வளை. மற்றதைச் சீவு.” அவ்வளவுதான் பாடம். பாதி அகலத்துக்கு மேல் சீவ வேண்டி வந்தால் சீவாதீர்கள், ஒரு கீலத்தை இடையில் நிறுத்தி இரண்டுக்கு ஒன்றாக்குங்கள்.

நனைக்கச் சுடுதண்ணீர் வேண்டும். கேத்தில் ஆவியில் பிடித்தேன். “வரிசையில நிண்டு எடுத்த காஸ், அதில கப்பலுக்கு ஆவி பிடிக்கிறீங்களோ?” என்றா மனைவி. நியாயமான கேள்வி. பிளேன் டீக்குக் கொதிக்கிற தண்ணீரில் மிச்சத்தை உயரமான பிளாஸ்கில் ஊற்றி, கீலத்தை அதற்குள் நட்டு வைக்கப் பழகினேன். இருபது நிமிடம் போதும்.

ஒரு நாள் அண்ணா விட்டுப்போன பத்துச் சதக் காசை ஐயாவிடம் கொடுத்தேன். பேப்பர் படிக்கிற கண்ணாடிவில்லையை வைத்து நெடுநேரம் பார்த்தார். “மேற்பாயெல்லாம் ஏத்தியிருக்கிறான், நல்ல காத்து” என்றார். பிறகு, “எங்கட கப்பல் ஒண்டும் அந்தப் பக்கம் போனது, அமெரிக்காவுக்கு” என்றார்.

அன்னபூரணி. 1930இல் வல்வெட்டித்துறையில் வேப்பமரத்தில் கட்டினது, 89 அடி. ராபின்சன் என்ற அமெரிக்கர் வாங்கித் தன் மனைவியின் பெயரை, புளோரன்ஸ் சி. ராபின்சன் என்று, வைத்தார். வல்வைக்காரர்களே ஓட்டிக்கொண்டு போய் 1938 ஆகஸ்டில் மசாசூசெற்ஸின் குளொஸ்டர் துறையில் சேர்த்தார்கள். கதை பிறகு நானும் தேடிப் பார்த்தேன். புளூநோஸ் தன் கடைசிப் பந்தயத்தை, குளொஸ்டர்க் கப்பலான கேர்ட்ரூட் தீபோவுக்கு எதிராக ஓடினது 1938 ஒக்ரோபரில், பொஸ்டன், குளொஸ்டர்க் கடலில். இரண்டு மாத இடைவெளி. ஐயாவிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். “அப்ப அவங்கள் எங்கட கப்பலைப் பாத்திருப்பாங்களோ?” என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை.

கயிறு வேலையைச் சுருக்கமாகச் சொல்கிறேன், நினைத்தாலே கழுத்து நோகுது. கிட்டோடு வந்த பருத்தி நூல் மழை நாளில் இறுகும், வெயிலில் தொய்யும். புறக்கோட்டையில் தையல் சாமான் கடையில் பொலியெஸ்டர் நூல் வாங்கி, தேன்மெழுகில் இழுத்துச் சும்பை அடக்கிக் கட்டினேன். ஏணிக்கயிற்றில் மட்டும் நானூறுக்கு மேல் முடிச்சு. ஐயாவுக்குக் கை நடுக்கம், தொடமாட்டார். கதிரையில் இருந்து, “உதைத் தண்டயல் கண்டால் அடி விழும்” என்பார். தண்டயல் என்றால் கப்பல் தலைவர். நான் அவிழ்த்துக் கட்டுவேன்.

இப்போது லிஃப்ட் ஓடுது, அதனால் ஐயா நாலாம் மாடியில் நிற்பதில்லை. நான்தான் மேலே போகிறேன்.

கொட்டாஞ்சேனைப் பத்தர் மகன்

அருமை அண்ணை. எங்கள் வீட்டில் நகை வேலை. ஆகவே ஒன்று சொல்லலாம்: கப்பல் சாமானுக்கென்று வெளிநாட்டில் ஆயுதம் எடுப்பிக்காதீர்கள். செட்டியார் தெருவில் பத்தர்மாருக்குச் சாமான் விற்கிற கடைகளில் சாவணம், ஊசி அரம், மயிர் மாதிரி வாள் அலகு, ஒரு மில்லிமீற்றரை விடச் சின்ன ட்ரில், அதைப் பிடிக்கிற கைப்பிடி எல்லாம் இருக்கிறது. பாய்மரக் கயிறு இழுத்துக் கட்டுகிற மூன்று துளைக் கட்டை இருக்கிறதே, கிட்டில் வந்தது துளை அடைத்துக் கிடந்தது. அப்பாவின் ட்ரில்லால் ஒரு மாலையில் எல்லாவற்றையும் திறந்தேன்.

நான் கட்டினது சின்ன ஒற்றைப் பாய்மர வள்ளம். முடிக்க ஐந்து மாதம். தளத்தில் திறந்த வழி ஒன்று விட்டிருந்தேன், அதுதான் என் பிழை. ஒரு நாள் ஆட்டிப் பார்த்தால் உள்ளே கடகட என்றது. பல்லி முட்டை. எடுக்கவும் வழியில்லை. பொரிக்கும் வரை பொறுத்திருந்தோம்.

பம்பலப்பிட்டி அம்மா

எங்கட கப்பல் முடியவில்லை, அதையும் எழுதலாம்தானே? மகனுக்குப் பதின்மூன்று வயதில் வாங்கினது. தளப்பலகை வரைக்கும் இரண்டு பேருமாகச் செய்தோம். ஒவ்வொரு கீலத்தின் விளிம்பிலும் பென்சிலைத் தேய்த்து ஒட்டினால் நடுவில் கறுப்புக் கோடு விழும், உண்மைக் கப்பலில் பஞ்சும் குங்கிலியமும் அடைத்த மாதிரி. அந்தக் கோடு எனக்கு அவ்வளவு பிடித்தது. அதற்குப் பிறகு அவனுக்கு ஓ.எல். வந்தது, பிறகு ஏ.எல்., பிறகு மெல்பேர்ன்.

கோட்டையில் சைத்திய வீதியில் துறைமுகக் கடல்சார் அருங்காட்சியகம் இருக்கிறது, ஒல்லாந்தர் காலத்துக் கட்டடம். அங்கே கப்பல் மாதிரிகளைப் பார்த்துவிட்டு வந்துதான் அவன் கேட்டு அழுதவன். இப்ப எங்கட கப்பல் பாய்மரம் இல்லாமல் ரிவிக்குப் பக்கத்தில் நிற்குது. துளைகளில் பேனாவும் கத்தரிக்கோலும் நட்டு வைத்திருக்கிறேன். போன கிழமை வீடியோ கோலில் கண்டவன், “அம்மா, அதை எடுத்து எறிஞ்சு போடாதீங்கோ” என்றான்.

தெகிவளைத் தம்பி

எல்லாருக்கும் நன்றி. பெட்டியைத் திரும்பத் திறந்து வங்குகளை எண்ணி அடுக்கியிருக்கிறேன். இஞ்சால ஒண்டு, அங்கால ஒண்டு. நாலாம் மாடி அண்ணை, கண்ணாடிப் பெட்டி எங்கே செய்வித்தீர்கள்? அடுத்தது என்ன?

வெள்ளவத்தை நாலாம் மாடி

கண்ணாடிப் பெட்டி மீன்தொட்டி செய்கிற கடையில். அளவைக் கொடுத்தால் செய்து தருவார்கள். “தண்ணி விடுவீங்களோ?” என்று கேட்டார், இல்லை என்றதும் மெல்லிய கண்ணாடி போட்டு விலையைக் குறைத்தார். மூடியைப் பசை போட்டு ஒட்டாமல் விடச் சொல்லுங்கோ.

அடுத்தது அன்னபூரணி. கிட் இல்லை, வெட்டின சட்டமும் இல்லை. அதே 64இல் ஒரு பங்கு என்றால் 42 சென்ரிமீற்றர்தான், புளூநோஸுக்குப் பக்கத்தில் தங்கச்சி மாதிரி நிற்கும். ஊரிலிருந்து ஒரு வேப்பங்கட்டை வந்திருக்கிறது, வாளால் அரிந்தால் வீடு கசக்குது. பக்கவாட்டுப் படங்கள் கிடைக்குது. பின்பக்கம் தெரிகிற படம் ஒன்றும் என்னிடம் இல்லை. ஐயா பேப்பர் ஓரத்தில் ஊர்க் கப்பல்களின் நினைவிலிருந்து கீறித் தந்தது மூன்று விதமாக இருக்கிறது, மூன்றுமே சரி என்கிறார். வல்வைக்காரர் வீடுகளில் பழைய படம் யாரிடமாவது இருந்தால், தயவுசெய்து பின்பக்கம் ஒன்று போட்டு விடுங்கோ.