எனர்ஜி டிரிங்க் ப்ராஜெக்ட்: பி பிளாக் பேரன்ட்ஸ் குழு

கவிதா (304): எல்லாருக்கும் வணக்கம். பொண்ணு ஒன்பதாவது. ஐரிஸ்னு தேசிய அளவுல நடக்கற பள்ளி அறிவியல் கண்காட்சிக்கு ப்ராஜெக்ட் அனுப்பணும்கறா. கிளாஸ் பிள்ளைங்க 30 பேருக்கு எனர்ஜி டிரிங்க் குடுத்து, முன்னாடியும் அரை மணி நேரம் கழிச்சும் ரியாக்‌ஷன் டைம் (ஒண்ணைப் பார்த்ததும் கை அசைய ஆகற நேரம்) பார்க்கணுமாம். திங்கக்கிழமை ஆரம்பிக்கலாமா?

சாந்தி டீச்சர்: திங்கக்கிழமை வேண்டாம் கவிதா. ஆளுங்களை வச்சுப் பண்றதுன்னா அதுல ஆபத்து இருக்கான்னு பார்க்கற பள்ளிக் கமிட்டி பார்த்து கையெழுத்து போட்ட பிறகுதான் முதல் ஆளையே கேக்கணும். ஐரிஸ்ல தேர்வானா அடுத்தது ஐசெஃப், அமெரிக்காவுல நடக்கற சர்வதேச பள்ளி அறிவியல் கண்காட்சி. அங்க ஃபார்ம்ல தேதி வரிசையைப் பார்ப்பாங்க. அனுமதி 20-ம் தேதி, முதல் அளவு 18-ம் தேதின்னு இருந்தா ப்ராஜெக்ட் எவ்வளவு நல்லா இருந்தாலும் தகுதி போயிடும். பின்னாடி வாங்கற அனுமதி செல்லாது.

டாக்டர் முரளி: அந்த கேனைத் திருப்பிப் பாருங்கம்மா, குழந்தைங்களுக்கு ஏற்றதல்லன்னு அதுலயே போட்டிருக்கும். லிட்டருக்கு 300 மி.கி. காஃபீன்னா 250 மி.லி. கேன்ல 75 மி.கி. அந்த 30 பேர்ல யாருக்கு இதயத் துடிப்புல கோளாறு, யாரு என்ன மாத்திரை சாப்பிடறாங்க, யாரு காலைல வெறும் வயித்தோட வந்திருக்காங்கன்னு பாப்பாவுக்கு எப்படித் தெரியும்? படபடன்னு வந்தா பக்கத்துல பார்க்க யாரு இருக்கா?

கவிதா: சரி டாக்டர், டிரிங்க் வேண்டாம். அவளே குடிச்சு அவளையே சோதிச்சா?

சாந்தி டீச்சர்: அதுக்கும் கமிட்டி உண்டு. ஆராய்ச்சி பண்றவங்களே சோதனைக்கு உட்பட்டாலும் ஐசெஃப் கணக்குல அது மனுஷங்க மேல பண்ற சோதனைதான்.

கவிதா: கமிட்டில யாரு டீச்சர்? எங்க வீட்டுக்காரர் பிசியோதெரபிஸ்ட், அவர் போடலாமா?

சாந்தி டீச்சர்: அவர் கூடாதும்மா, அப்பா இல்லையா. குறைஞ்சது மூணு பேர் வேணும்: ஒரு ஆசிரியர், பள்ளி நிர்வாகத்துல ஒருத்தர், உடம்புக்கும் மனசுக்கும் வர்ற ஆபத்தை எடைபோடத் தெரிஞ்ச டாக்டரோ நர்ஸோ சைக்காலஜிஸ்ட்டோ. பெற்றோரும் ப்ராஜெக்ட்டுக்கு வழிகாட்டறவங்களும் அதுல உட்காரக் கூடாது. முரளி சார் வரட்டும். ஆனா சார், அப்புறம் நீங்க ப்ராஜெக்ட்டுக்கு யோசனை சொல்லக் கூடாது.

டாக்டர் முரளி: சரி டீச்சர், இத்தோட நிறுத்திக்கறேன். யோசனை அருள் சொல்லட்டும்.

அருள் (112): அக்கா, ரியாக்‌ஷன் டைம் நல்ல தலைப்பு, விட வேண்டாம். 30 செ.மீ. பிளாஸ்டிக் ஸ்கேல் போதும். ஸ்டீல் வேண்டாம், முனை கீறும், கால்ல விழும். ஒருத்தர் மேல் முனையைப் பிடிச்சுக்கணும், இன்னொருத்தர் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் பூஜ்யத்துக்கு நேரா விரிச்சு வைக்கணும். சொல்லாம விடணும், மத்தவர் பிடிக்கணும். ஸ்கேல் விழுந்த தூரத்தை வச்சு நேரத்தைக் கணக்கிடலாம். 15 செ.மீ.ல பிடிச்சா சுமார் 0.175 விநாடி, 20 செ.மீ.ன்னா 0.2. சும்மா இருக்கறப்ப ஒரு தடவை, போனை ஸ்பீக்கர்ல போட்டுப் பேசிக்கிட்டே ஒரு தடவை. பாதிப் பேருக்கு பேச்சை முதல்ல வைக்கச் சொல்லுங்க. எல்லாருக்கும் பேச்சு ரெண்டாவதா வந்தா கை பழகினதால வேகம் கூடி, பேச்சு ஒண்ணும் பண்ணலைன்ற மாதிரி தெரியும்.

ராஜேஷ் (208): எங்க பையன் ப்ளஸ் ஒன். மன அழுத்தம் பத்தி கூகுள் ஃபார்ம்ல சர்வே மட்டும்தான். பேர் கேக்கலை. அதுக்குமா கமிட்டி?

தேன்மொழி (கவுன்சிலர்): ராஜேஷ் அண்ணா, ஸ்கேல் சோதனையை விட இதுதான் எனக்கு பயம். கேள்விகள் எங்கருந்து எடுத்தான்?

ராஜேஷ்: பிஎச்க்யூ-9 னு நெட்ல இருந்தது.

தேன்மொழி: அது மனச்சோர்வை அளக்கற கேள்வித்தாள். அதுல ஒன்பதாவது கேள்வி, செத்துப் போயிடலாம்னு, உடம்பைக் காயப்படுத்திக்கலாம்னு எண்ணம் வந்ததான்னு கேக்கும். ராத்திரி 11 மணிக்கு ஒரு பிள்ளை 'கிட்டத்தட்ட தினமும்'னு டிக் பண்ணினா உங்க பையன் என்ன பண்ணுவான்? பேர் இல்லாததால யாருன்னே தெரியாது. பேர் இருந்தா, கூடப் படிக்கிற பிள்ளையோட ரகசியம் அவன் போன்ல. ரெண்டுமே அவன் தாங்கற விஷயம் இல்லை. மொத்தம் கூட்டி 'உனக்கு டிப்ரஷன்'னு சொல்றது நோயைக் கண்டுபிடிக்கிற வேலை, மாணவர் தானா செய்யவே கூடாது. அந்தக் கேள்வித்தாளையே விட்டுட்டு தூங்கற நேரம், பரீட்சை வாரத்துல விளையாடற நேரம்னு கேக்கச் சொல்லுங்க. அதுவும் சிலருக்கு மனசைத் தொடும், அதனால கடைசிப் பக்கத்துல பள்ளி கவுன்சிலர் பேரும் அரசோட இலவச மனநல உதவி எண் டெலி மானஸ் 14416-ம் இருக்கணும்.

அருள்: ஃபார்ம்ல ஈமெயில் வாங்கற செட்டிங் ஆன்ல இருக்கான்னும் பாருங்க அண்ணா. இருந்தா 'பேர் இல்லை'ன்றது பொய்யாயிடும். பிரிவு, பாலினம், பிறந்த தேதி மூணையும் கேட்டா ஒரு கிளாஸ்ல யாருன்னு கண்டுபிடிச்சுடலாம். வயசு மட்டும் போதும்.

கவிதா: சம்மதக் கடிதத்துக்கு இவ எழுதினது: "என் மகன்/மகள் இந்த ஆய்வில் கலந்துகொள்ள சம்மதிக்கிறேன். இதில் எந்த ஆபத்தும் இல்லை." சரியா?

தேன்மொழி: 'எந்த ஆபத்தும் இல்லை'ன்னு எழுதக் கூடாது அக்கா. உள்ளதைச் சொல்லணும்: "15 நிமிடம் ஆகும். ஸ்கேல் விரலில் லேசாகப் படலாம். எப்போது வேண்டுமானாலும், காரணம் சொல்லாமல் விலகலாம். விலகினால் மதிப்பெண்ணில் எந்த மாற்றமும் இல்லை. அளவுகளை ஆய்வு மாணவியும் வழிகாட்டி ஆசிரியரும் மட்டும் பார்ப்பார்கள்." கீழ பெற்றோர் கையெழுத்து, பக்கத்துல பிள்ளையோட கையெழுத்து. ஐசிஎம்ஆரோட (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில்) 2017 வழிகாட்டுதல்லயும் 12 வயசுக்கு மேல பிள்ளை சம்மதம் எழுத்துலதான், அதை விடச் சின்னப் பிள்ளைங்கன்னா 7 வயசுலருந்து வாய்வழியா. அம்மா ஒத்துக்கிட்டும் பிள்ளை வேண்டாம்னா, வேண்டாம்தான்.

சாந்தி டீச்சர்: கிளாஸ் டீச்சர் நின்னுக்கிட்டு 'யார் யார் வர்றீங்க, கை தூக்குங்க'ன்னு கேக்கவும் வேண்டாம். அப்படிக் கேட்டா மறுக்கற தைரியம் எந்தப் பிள்ளைக்கும் வராது. கவர்ல வீட்டுக்கு அனுப்புங்க, வராத கவரைத் துரத்தாதீங்க. அளவு எழுதற தாள்ல எம்-01, எம்-02ன்னு எண் மட்டும். எண்ணுக்கும் பேருக்குமான பட்டியல் ஒரே ஒரு தாள், அது ஸ்கூல் பீரோல பூட்டி இருக்கட்டும். போஸ்டர்ல முகம் தெரியற போட்டோ போட்டா தனியா எழுத்துல சம்மதம் வேணும்.

கவிதா: இன்னைக்கு ராத்திரி கடிதத்தை மாத்தி எழுதச் சொல்றேன் டீச்சர். ஹெச்.எம்.கிட்ட கமிட்டிக்கு நான் போய் கேக்கவா?

சாந்தி டீச்சர்: அவளே கேக்கட்டும். ஆராய்ச்சித் திட்டம், கேள்விகள், சம்மதக் கடிதம் மூணையும் மூணு பிரதி எடுத்துக்கிட்டு போகச் சொல்லு. கமிட்டி திருத்தம் சொன்னா திருத்தி மறுபடி காட்டணும், அதுவரைக்கும் ஸ்கேல் பையிலயே இருக்கட்டும்.