காதல் மருந்து தர மாட்டேன் என்ற மந்திரவாதி

கீழக்கரையில் சபுராளி (வெளிநாட்டுக்குச் சம்பாதிக்கப் போனவர்) ஊர் திரும்பினால் பெட்டி பிரிப்பதுதான் முதல் காரியம். மச்சான் துபாயிலிருந்து வந்தபோது கோடாலித் தைலம், டேங் பவுடர், சோப்பு எல்லாம் பங்கு போன பிறகு அடியில் தடித்த ஆங்கிலப் புத்தகம் ஒன்று கிடந்தது. அறையில் கூட இருந்தவர் விட்டுப் போனதாம். வேறு யாரும் கேட்காததால் எனக்கு வந்து சேர்ந்தது. ஜிம் புட்சர் எழுதிய ‘டெட் பீட்’. டிரெஸ்டன் வரிசையில் 7ஆவது நாவல், 2005இல் வந்தது.

சிகாகோவில் ஹாரி டிரெஸ்டன் என்ற மந்திரவாதி துப்பறிகிறான் என்று பின்னட்டையில் பார்த்ததும் ஓரமாக வைத்துவிட்டேன். காரணம் உண்டு. இந்தப் பக்கம் பேய், செய்வினை என்பதெல்லாம் பொழுதுபோக்கு இல்லை. பக்கத்திலேயே ஏர்வாடி, பேய் பிடித்தது என்று மனநோயாளிகளைக் கொண்டுவரும் தர்கா உள்ள ஊர். 2001 ஆகஸ்ட் 6 அன்று அங்கே ஒரு காப்பகத்தில் தீப்பிடித்தபோது, சங்கிலியில் கிடந்த மனநோயாளிகள் ஓட முடியாமல் மாட்டிக்கொண்டார்கள். 28 பேர் செத்தார்கள். பஸ் ஸ்டாண்டுச் சுவரைப் பார்த்தால் ‘வசியம் செய்து தரப்படும்’ போஸ்டர். மந்திரவாதி என்றாலே எனக்கு அந்தச் சுவர்தான் கண்ணில் நிற்கும்.

கரண்ட் போன ஒரு ராத்திரி, வேறு வேலை இல்லாமல் மொட்டைமாடியில் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு பிரித்தேன். ஹாரி டிரெஸ்டன் வீட்டில் கரண்டே கிடையாது! மந்திரவாதி பக்கத்தில் போனால் மின்சாதனங்கள் படுத்துவிடுமாம். அதனால் தரையடி வீட்டில் மெழுகுவத்தி, விறகடுப்பு, பச்சைத் தண்ணீர்க் குளியல். வாடகை பாக்கி வேறு. சிரிப்பு வந்துவிட்டது, அப்புறம் கீழே வைக்கவில்லை.

அந்த நாவலின் உச்சக்கட்டத்தைச் சொல்லியே ஆக வேண்டும் (தெரிய வேண்டாம் என்பவர்கள் அடுத்த பத்திக்குப் போய்விடுங்கள்). பிணத்தை எழுப்பும் வித்தைக்காரர்களை எதிர்க்க, அதே வித்தையை ஹாரியும் எடுக்க வேண்டிய நிலை. ஆனால் மனிதப் பிணத்தைத் தொட்டால் மந்திரவாதிகளின் சட்டப்படி தலை போகும். எவ்வளவு பழைய பிணமோ அவ்வளவு சக்தி. என்ன செய்வான்? சிகாகோ ஃபீல்டு மியூசியத்தில் 2000இலிருந்து நிற்கும் சூ என்ற டைனோசர் எலும்புக்கூட்டை எழுப்பி, மேலே ஏறித் தெருவில் ஓட்டுகிறான். எழுப்பியது கட்டுப்பட்டு நடக்க மேளம் நிற்காமல் அடிக்க வேண்டும். பின்னால் உட்கார்ந்து அடிப்பவர், பிணவறையில் வேலை பார்க்கும் பயந்த சுபாவமுள்ள டாக்டர். கேட்க அபத்தம். ஆனால் விதிகளை முன்னாலேயே ஒவ்வொன்றாகச் சொல்லி வைத்திருப்பதால் அந்த இடத்தில் நம்பத் தோன்றுகிறது.

அந்த விதிகள் பல எனக்குப் புதிதே இல்லை. ஒரு குடும்பம் வாழ்கிற வீட்டு வாசலுக்கே காவல் உண்டு. அழைக்காமல் நுழைந்தால் மந்திரவாதியும் தன் சக்தியை வெளியே விட்டுத்தான் வர வேண்டும். மஃரிபு (அந்தித் தொழுகை) நேரத்தில் நிலைப்படியில் உட்கார்ந்தால் உம்மா, “உள்ள வா வாப்பா, வாசப்படியில இருக்காத” என்று சத்தம் போடுவது இதே கணக்குத்தானோ என்னவோ.

பிறகு முதல் நாவலைத் தேடிப் படித்தேன், ‘ஸ்டார்ம் ஃப்ரன்ட்’, 2000இல் வந்தது. அதில்தான் ஹாரி டெலிபோன் டைரக்டரியில் கொடுத்த விளம்பரம் வருகிறது. தொலைந்ததைக் கண்டுபிடிப்பேன், நியாயமான கட்டணம், காதல் மருந்து மட்டும் கிடையாது. நம்ம சுவர் போஸ்டர்க்காரர் முதலில் விற்பதே அதைத்தான்! பயத்தைக் காட்டிக் காசு பார்க்காத மந்திரவாதி என்பதால்தான் இவனை எனக்குப் பிடித்தது. பேய்க்கதை என்று தள்ளிவைப்பவர்களிடம் நான் சொல்வதும் இதைத்தான்.

முதல் இரண்டும் சுமார், மூன்றாவதிலிருந்து தொடங்கு என்று பலர் சொல்வார்கள். நடை சுமார்தான், அதுவும் பெண்களை ஹாரி வர்ணிக்கும் இடங்கள் எரிச்சலூட்டும். ஆனாலும் போலீஸ் அதிகாரி மர்ஃபி அவனை எப்படி நம்பத் தொடங்கினாள் என்பது அங்கேதான் இருக்கிறது, விட வேண்டாம். ராத்தா (அக்கா) மகளுக்கு மட்டும் நேராக ‘டெட் பீட்’டையே கொடுத்தேன். டைனோசர் என்றால் அவளுக்கு உயிர்.

2007இல் வந்த டிவி தொடரையும் பார்க்க முயன்றேன். மண்டையோட்டுக்குள் குடியிருக்கும் பாப் என்ற ஆவியை அதில் கோட் போட்ட மனிதனாக்கியிருக்கிறார்கள், ஓட்டை வோக்ஸ்வேகன் காருக்குப் பதில் ஜீப். பாதியில் நிறுத்திவிட்டேன்.