முடிவுக் கோட்டைத் தாழப் பறந்து கடந்த மாலை

திருநகரிலிருந்து:

பணி நிமித்தமாக ஜெர்மனியில் ஆறு ஆண்டுகள் இருந்தபோது கிளைடர் ஓட்டக் கற்றுக்கொண்டேன். ஊர் திரும்பிவிட்ட பிறகும், நாகமலைக்கு மேல் பருந்து வட்டமிடுவதைக் காணும்போதெல்லாம் என் முதல் போட்டியின் கடைசி நிமிடங்கள் நினைவுக்கு வருகின்றன. எஞ்சின் இல்லாத அந்த விமானத்தில், சேர்த்துவைத்த உயரத்தைச் செலவழித்தபடியே முடிவுக் கோட்டை நோக்கி நேராக விரையும் கட்டத்தை ஃபைனல் கிளைடு என்பார்கள். இருபது கிலோமீட்டர் தொலைவில் என் கணினி 150 மீட்டர் உபரி உயரம் காட்டியது. இடையிலிருந்த காட்டின் மேல் சிக்கிய இறங்குகாற்று அதை முழுவதும் விழுங்கிவிட்டது. அப்போதே ஒரு வயலைத் தேர்ந்து இறங்கியிருக்க வேண்டும். கோடு கண்ணுக்குத் தெரிந்துவிட்டதால் மனம் வரவில்லை. நம் மதுரை மீனாட்சியம்மன் கோயிலின் தெற்குக் கோபுரம் ஏறத்தாழ 170 அடி. அதில் பாதி உயரம்கூட இல்லாமல், மணிக்கு நூறு கிலோமீட்டரைச் சற்றே தாண்டிய வேகத்தில் களத்தின் வேலியைக் கடந்தேன். சக்கரத்தை இறக்க மறந்திருந்தேன். தரையிலிருந்த நண்பர் வானொலியில் கத்தியதால் தப்பினேன்.

தாழ்வு மட்டுமே ஆபத்தன்று, தாழ்வோடு வேகக்குறைவும் சேர்வதே ஆபத்து என்பது அன்று புரிந்தது. மணிக்கு 200 கிலோமீட்டரில் தாழ வருபவர் மூக்கைத் தூக்கி வேகத்தை 100-க்குக் குறைத்தால் ஏறத்தாழ 100 மீட்டர் உயரம் திரும்பக் கிடைக்கும். அதைக் கொண்டு சுற்றிவந்து இறங்கலாம். 100-இல் வருபவர் மூக்கைத் தூக்கினால் இறக்கை தாங்கும் வலுவை இழந்துவிடும், மீட்டெடுக்கக் கீழே இடமிருக்காது. ஆகவேதான் தரையையொட்டிய கோட்டுக்குப் பதிலாக, களத்தைச் சுற்றி ஒரு வளையத்தையும் அதைக் கடப்பதற்கான குறைந்தபட்ச உயரத்தையும் வகுக்கும் முறையை நான் முழுமனதோடு ஆதரிக்கிறேன். வளையம் 3 கிலோமீட்டர் ஆரமுள்ளதானால், நாற்பதுக்கு ஒன்று என்ற விகிதத்தில், அதாவது நாற்பது மீட்டர் முன்னேற ஒரு மீட்டர் உயரத்தை இழந்து, சறுக்கும் கிளைடருக்கு அசையாத காற்றிலேயே களத்தை எட்ட 75 மீட்டர் தேவை. குறைந்தபட்ச உயரம் அதைவிடத் தாராளமாக இருந்தால்தான் பந்தயம் முடிந்த பிறகு தரையிறங்குவதைப் பற்றி நிதானமாக எண்ண முடியும்.

ஆபத்து விமானிக்கு மட்டும் உரியதன்று. 2005ஆம் ஆண்டு இங்கிலாந்தின் ஹஸ்பண்ட்ஸ் பாஸ்வொர்த் களத்தில், போட்டியை முடிக்கத் தாழ வந்த கிளைடர் மோதி, படமெடுத்துக்கொண்டிருந்த ஒளிப்படக் கலைஞர் ஒருவர் உயிரிழந்தார்.

மேலூரிலிருந்து:

ஐயா, விமானம் நான் அறியாதது. ஆனால் தாங்கள் கடைசியாகச் சொன்னது நெஞ்சில் தைத்தது. எங்கள் பக்கத்து மாட்டுவண்டிப் பந்தயங்களை நடத்துவோரில் நானும் ஒருவன். எல்லைக் கொடியைத் தாண்டியதும் மாடுகள் நின்றுவிடுவதில்லை. ஒருமுறை, கொடிக்கருகில் கைபேசியில் படமெடுக்க நின்ற இளைஞரின் காலில் சக்கரம் ஏறிவிட்டது. அடுத்த ஆண்டு கொடியை ஊருக்கு வெளியே, கூட்டம் சேராத வயற்புறச் சாலைக்கு மாற்றினோம். தாங்கள் சொல்லும் வளையமும் அதுதானே?

ஒத்தக்கடையிலிருந்து:

நான் புனே ஹடப்ஸரில் கிளைடர் பயிற்சி பெற்றவன். வளையத்தில் ஒரு குறையைச் சொல்லியாக வேண்டும். குறைந்தபட்ச உயரத்துக்குக் கீழே வந்தால் முடித்ததாகவே கொள்ளமாட்டோம் என்று விதித்தால், வளையத்தின் விளிம்பில் எல்லோரும் உயரமானியையே பார்த்துக்கொண்டு வருவார்கள். சிலர் கடைசி நொடியில் மூக்கைத் தூக்குவார்கள், பின்னால் வேகமாக வருபவர் என்ன செய்வார்?

திருநகரிலிருந்து:

மேலூர் ஐயா, அதேதான். ஒத்தக்கடைத் தம்பி சொல்லும் அச்சமும் நியாயமானது. அதனால்தான் தண்டனை படிப்படியாக இருக்க வேண்டும் என்கிறேன். என் இரண்டாவது போட்டியில் குறைந்த ஒவ்வொரு மீட்டருக்கும் சிறிதளவே புள்ளி கழித்தார்கள். நான் 30 மீட்டர் குறைவாக வளையத்தைக் கடந்தேன். மூக்கைத் தூக்கவில்லை, இழப்பை ஏற்றுக்கொண்டு வெளியே பார்த்தேன். இடப்புறம் இன்னொரு கிளைடர் என்னைவிடத் தாழ வந்துகொண்டிருந்தது. அதை முன்னே விட்டு, சக்கரத்தை இறக்கி, அதன் பின்னால் தரையிறங்கினேன்.