கோட்டையே இல்லாத கோட்டைக்குப் பிள்ளைகளை எதற்கு அழைத்துப் போக வேண்டும்?

செம்பனைக்காட்டான்:
தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் கூட்டத்தில் விடுமுறைச் சுற்றுலா பற்றிப் பேச்சு வந்தது. கோலசிலாங்கூர் புக்கிட் மெலாவத்திக் கோட்டை என்று ஏறக்குறைய முடிவாகிவிட்டது. கூட்டத்தில் எனக்குப் பேச நேரம் கிடைக்கவில்லை, இங்கே பேசுகிறேன். நான் இதை எதிர்க்கிறேன்.

அந்த மலைமேல் என்ன இருக்கிறது? சில பீரங்கிகள், கொஞ்சம் கல்சுவர், ஒரு கலங்கரை விளக்கம். அந்த விளக்கமும் 1907இல் வெள்ளைக்காரன் காலத்தில் எழுந்தது. மிச்சமெல்லாம் குரங்கு. ராஜா கோட்டை என்று ஆசை காட்டி நம் ஊர் பெஸ்தாரி ஜெயாவிலிருந்து பஸ் ஏற்றிக்கொண்டு போய், "கோட்டை எங்கே அப்பா?" என்று பிள்ளை கேட்டால் யார் பதில் சொல்வது? மலாக்காவுக்குப் போகலாம். அங்கே அ ஃபமோசா வாசலாவது நிமிர்ந்து நிற்கிறது.

ஓய்வுபெற்ற வாத்தியார்:
தம்பி, ராஜா கோட்டை வேண்டும் என்று கேட்டுவிட்டு ராஜாவைத் துரத்தியவன் கட்டிய வாசலைக் காட்டுகிறீர்களே! 1511இல் மலாக்கா சுல்தானை விரட்டிவிட்டுப் போர்த்துகீசியர் எழுப்பிய கோட்டை அது. வாசலின் நெற்றியில் 1670 என்று பொறித்தவர்கள் டச்சுக்காரர்கள். 1807இல் அதை வெடிவைத்துத் தகர்த்தவர்கள் ஆங்கிலேயர்கள். மூன்று அந்நியர் கைபட்ட அந்த ஒற்றை வாசல் உங்களுக்குக் கோட்டை. சிலாங்கூரின் முதல் மூன்று சுல்தான்களும் அடக்கமாகியிருக்கும் மலை மட்டும் வெறும் குரங்குமலையா?

இன்னொன்று. நம் ஊரை ஒட்டி ஓடுகிறதே சிலாங்கூர் ஆறு, மெலாவத்திக் கோட்டை பிறந்ததே அதனால்தான். உள்நாட்டில் தோண்டிய ஈயம் இந்த ஆற்று வழியாகத்தான் கடலுக்குப் போனது. ஆற்றுவாயைக் கையில் வைத்திருந்தவனே ஈயத்துக்கு எஜமான். மலைமேல் நின்று பார்த்தால் ஆறு கடலில் விழும் இடம் கண்ணுக்கு நேராகத் தெரியும். கோட்டையை எதற்காக அங்கே கட்டினார்கள் என்று யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை, பிள்ளைகள் தாமே சொல்லிவிடுவார்கள்.

புக்கிட் ரோத்தான் தம்பி:
டிராம் இருக்கிறதா? இருந்தால் என் வாக்கு மெலாவத்திக்கே.

ஈஜோக் அக்கா:
டிராம் இருக்கிறது தம்பி. சனி, ஞாயிறில் சொந்தக் காரை மேலே விடமாட்டார்கள். டிராமில் போக வேண்டும், இல்லையென்றால் நடக்க வேண்டும்.

எனக்குக் கோட்டை இருப்பதும் இல்லாததும் ஒன்றுதான். குரங்கைப் பற்றித்தான் கவலை. அங்கே இரண்டு வகை இருக்கின்றன. கறுப்பும் வெள்ளியும் கலந்த நீண்ட மயிரோடு இருக்கும் லோத்தோங் சாது. அதன் குட்டி நல்ல ஆரஞ்சு நிறத்தில் தாயின் வயிற்றைப் பற்றிக்கொண்டிருக்கும், பார்த்தால் பொம்மை என்றே நினைப்பீர்கள். நீளவால் குரங்கு அப்படி இல்லை. போன முறை என் சின்னவன் கையிலிருந்த ரொட்டிப் பொட்டலத்தை அது பறித்த வேகத்தில் அவன் விரலில் நகக்கீறல். அன்று நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். மருத்துவமனை, ஊசி, மூக்கைச் சிந்தும் பிள்ளை, எல்லாம் ஒரே மாலையில். நாற்பது பிள்ளைகளை அங்கே கொண்டுபோய் நிறுத்தினால் யார் பார்த்துக்கொள்வது?

செம்பனைக்காட்டான்:
அக்கா சொன்னதைக் கேட்டீர்களா, ஐயா? ஈயமும் ஆறும் உங்கள் வாயில் அழகாகத்தான் இருக்கின்றன. ஆனால் நீங்கள் சொன்னது எதுவும் மலைமேல் கண்ணில் படாது. எல்லாரும் கூடி நின்று படம் எடுப்பது எங்கே தெரியுமா? தலைவெட்டும் கல்லருகே. அடுத்தது நச்சுக் கிணறு. துரோகிகளை அதில் கழுத்தளவு நிற்க வைத்தார்களாம், மரப்பாலும் மூங்கில் குருத்துச் சாறும் கலந்த நீராம். பிள்ளைகள் திரும்பி வந்து கோட்டையைப் பற்றிச் சொல்லப்போவது இதைத்தான். சரித்திரம் கற்பிக்கப் போகிறோமா, பேய்க்கதை கேட்கப் போகிறோமா?

தென்னாற்காட்டுப் பேரன்:
கோட்டை என்றால் என்னவென்று பார்த்தவன் சொல்கிறேன். தாத்தா பிறந்த ஊரைத் தேடித் தமிழ்நாட்டுக்குப் போயிருந்தபோது செஞ்சிக்கும் போனேன். ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்று மூன்று குன்றுகள். மூன்றையும் வளைத்துக்கொண்டு ஓடும் மதில். ராஜகிரி ஏறக்குறைய 800 அடி. ஏறி முடிப்பதற்குள் முழங்கால் கழன்றுவிடும். உச்சிக்குச் சற்றுக் கீழே பாறை பிளந்து கிடக்கிறது, அந்தப் பிளவைச் சின்னப் பாலத்தின் மேல் கடந்துதான் போக வேண்டும். அந்தக் காலத்தில் பாலத்தை எடுத்துவிட்டால் எவனும் உள்ளே வர முடியாது. சிவாஜியின் மகன் ராஜாராம் உள்ளே இருந்துகொண்டு ஔரங்கசீப்பின் படையை எட்டு ஆண்டுகள் வெளியே காக்க வைத்தது சும்மா இல்லை. கோட்டை 1698இல்தான் விழுந்தது. அதற்கும் அவர் தப்பிப் போய்விட்டார்.

1714இல் ஆற்காட்டு நவாப்போடு மோதிச் செத்த தேசிங்கு ராஜனின் கதையை நம் தோட்டங்களில் பாடிய கிழவர்கள் இருந்தார்கள். 2025இல் யுனெஸ்கோ பட்டியலிலும் செஞ்சி சேர்ந்துவிட்டது. பிள்ளைகளுக்கு ராஜா கோட்டை காட்ட வேண்டுமென்றால் காசு சேர்த்து அங்கே கூட்டிப் போங்கள். இங்கே மண்மேட்டைக் காட்டி ஏமாற்ற வேண்டாம்.

ஓய்வுபெற்ற வாத்தியார்:
செஞ்சி பெரிது, மறுக்கவில்லை. ஆனால் பேரப்பிள்ளையே, நம் பிள்ளைகளில் பாதிப்பேருக்கு இன்னும் பாஸ்போர்ட்டே இல்லை. வீட்டுக்கு இரண்டு பிள்ளை, விமான டிக்கெட், விசா என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். தோட்டத்தில் வெட்டுக் கத்தி பிடிப்பவன் அதற்கு எத்தனை மாதச் சம்பளத்தைக் கட்டுவான்? எட்டாத செஞ்சியைக் காட்டிக் கிட்டே இருக்கும் மலையை மூடாதீர்கள்.

பேய்க்கதை என்றாரே செம்பனைக்காட்டான், அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. கல்லும் கிணறும் வாய்வழிக் கதைகள். அவற்றை நம்பச் சொல்லி நானும் கேட்கவில்லை. ஆனால் உண்மையில் நடந்ததே அதைவிடச் சுவையானது. 1784இல் டச்சுக் கப்பல்கள் வந்தன, சுல்தான் இப்ராஹிம் மலையைவிட்டுப் பகாங்கிற்குப் போனார். டச்சுக்காரர்கள் தங்கள் கவர்னர் ஜெனரல் ஆல்டிங்கின் பெயரைக் கோட்டைக்கு வைத்து ஆல்டிங்பர்க் என்றார்கள். மறு ஆண்டே சுல்தான் பகாங் ஆட்களோடு காட்டுவழி வந்து இரவோடு இரவாகத் தாக்கினார். டச்சுக்காரர்கள் பீரங்கிகளைப் போட்டுவிட்டுக் கப்பலுக்கு ஓடினார்கள். ஐரோப்பியன் வந்தான், வென்றான் என்றே பாடப்புத்தகத்தில் படித்த பிள்ளைக்கு, அவன் ஓடிய மலை ஒன்று பக்கத்திலேயே இருக்கிறது என்று காட்ட வேண்டாமா?

தென்னாற்காட்டுப் பேரன்:
ஓடினார்கள் சரி. அப்படியானால் கோட்டை எங்கே போனது? செஞ்சியில் கல்யாண மகால் நிற்கிறது, நெல் களஞ்சியம் நிற்கிறது. இங்கே ஏன் எதுவும் நிற்கவில்லை?

ஓய்வுபெற்ற வாத்தியார்:
இதைத்தான் யாராவது கேட்பார்கள் என்று காத்திருந்தேன். 1860களின் கடைசியில் சிலாங்கூரில் உள்நாட்டுப் போர் மூண்டது. அரச குடும்பத்து ராஜா மஹாடி ஒரு பக்கம், சுல்தானின் மருமகன் தெங்கு கூடின் மறுபக்கம். ஈயப் பணம் யாருக்கு என்பதே அடிப்படை. 1871இல் கடற்கொள்ளையரைத் தேடி வந்ததாகச் சொல்லி ரினால்டோ என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பல் ஆற்றுவாயில் நின்று கோட்டையைக் குண்டுவீசி நொறுக்கியது. அதன் பிறகு எழுந்திருக்கவே இல்லை. நீங்கள் மண்மேடு என்று சொல்வது அந்தக் குண்டுகளின் வேலை.

போகும்போது வெறுங்கையோடும் போகவில்லை. 1603இல் வார்த்த ஸ்ரீ ரம்பாய் என்ற டச்சுப் பீரங்கி இந்தக் கோட்டையில் இருந்தது. டச்சுக்காரர் ஜொகூருக்குக் கொடுத்தது, ஜொகூரிலிருந்து ஆச்சேக்காரர் கொண்டுபோனது, ஆச்சேயிலிருந்து சிலாங்கூருக்கு வந்தது. அதை ஆங்கிலேயர் பினாங்குக்குத் தூக்கிப் போய்விட்டார்கள். கார்ன்வாலிஸ் கோட்டைக்குப் போனவர்கள் எல்லாரும் அதனருகே நின்று படம் எடுத்திருப்பீர்கள். பிள்ளை வரம் வேண்டிப் பெண்கள் அதன் குழாயில் பூ வைத்த காலமும் உண்டு. அது நம் கோலசிலாங்கூர்ப் பீரங்கி என்று உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? செஞ்சியும் தப்பவில்லை. புதுச்சேரிக் கடற்கரையில் காந்தி சிலையைச் சுற்றி நிற்கும் கல்தூண்கள் எங்கிருந்து போனவை என்று அங்கே விசாரித்துப் பாருங்கள்.

புக்கிட் ரோத்தான் தம்பி:
அந்தப் பீரங்கிமேல் ஏறி உட்கார்ந்து அம்மாவிடம் அடி வாங்கியிருக்கிறேன்! அதைத் திருப்பிக் கேட்க வேண்டியதுதானே?

செம்பனைக்காட்டான்:
நல்ல பொருளைப் பினாங்குக்குப் போய்ப் பார்க்க வேண்டும், அது இருந்த இடத்தை மெலாவத்தியில் பார்க்க வேண்டும். இதைத்தானே நானும் முதலிலிருந்து சொல்கிறேன்? வாத்தியாரையா, நீங்கள் பேசினால் மலை எழுந்து நிற்கிறது. நீங்கள் இல்லாவிட்டால்? டிராம் ஓட்டுபவர் இறக்கிவிடுவார், பிள்ளைகள் கச்சாங் கடலை வாங்கிக் குரங்குக்குப் போடுவார்கள், ஐஸ் குடிப்பார்கள், ஏறி வந்துவிடுவார்கள். ஆளுக்கு இத்தனை வெள்ளி என்று பெற்றோரிடம் வசூலிப்பது அதற்கா?

ஈஜோக் அக்கா:
கச்சாங் பேச்சை எடுத்ததற்காக இன்னொரு முறை சொல்கிறேன். லோத்தோங் இலை தின்னும் பிராணி. ரொட்டியும் கச்சாங்கும் அதன் வயிற்றுக்கு ஆகாது. போவதென்று முடிவானால் தீனி எதுவும் பஸ்ஸைவிட்டு இறங்கக் கூடாது, பிளாஸ்டிக் பை கையில் இருக்கக் கூடாது. அது இருந்தாலே உள்ளே தின்பண்டம் என்று குரங்குக்குத் தெரியும். இதற்கு ஒப்புக்கொண்டால் நானும் வருகிறேன்.

அரச குடும்பத்தார் அடக்கத் தலத்தில் மஞ்சள் துணி சுற்றிய பீரங்கி இருக்கிறது. அங்கே ஓடிப்பிடித்து விளையாடினால் நன்றாக இருக்காது. மலாய்க்காரர்கள் வந்து துவா ஓதும் இடம். நம் கோயிலுக்குள் செருப்போடு வந்தால் நமக்கு எப்படி இருக்கும்?

தென்னாற்காட்டுப் பேரன்:
அக்கா சொல்வது சரி. ஆனால் ஒரு கேள்வி யாரும் தொடவில்லை. அது மலாய் சுல்தானின் கோட்டை. அந்தக் கதையில் தோட்டத்துத் தமிழன் எங்கே இருக்கிறான்? செஞ்சியில் நின்றபோது தாத்தாவின் காலடி மண் என்ற நினைப்பாவது எனக்கு வந்தது.

ஓய்வுபெற்ற வாத்தியார்:
நான் பிறந்தது இந்த ஆற்றங்கரையில். என் தகப்பனார் பால் வெட்டியது இந்த ஆற்றங்கரையில். இந்த ஆற்றுவாயின் கதை எனக்குச் சொந்தமா என்று கேட்டுக்கொண்டு வாசலில் நிற்கப் போவதில்லை. ராஜாராம் மராட்டியர், தேசிங்கு ராஜபுத்திரர். அவர்கள் கதையை நம் கிழவர்கள் சொந்தக் கதையாகப் பாடவில்லையா?

டிராம் வேண்டாம், நடந்தே ஏறட்டும். மலை ஒன்றும் உயரமில்லை. எதிரி கீழேயிருந்து வந்தால் எப்படி இருந்திருக்கும் என்று காலுக்குத் தெரிய வேண்டும். முதலில் ஆறு, பிறகு பீரங்கிகள், பிறகு அடக்கத் தலம். கல்லையும் கிணற்றையும் கடைசியில் பார்க்கலாம், அதுவும் கதை என்று சொல்லி.

செம்பனைக்காட்டான்:
வரிசை நன்றாக இருக்கிறது, சொல்ல ஆள் வேண்டும். நீங்களே வந்தால் என் எதிர்ப்பை மலாக்காவோடு சேர்த்து அடுத்த ஆண்டுக்குத் தள்ளி வைக்கிறேன். வராவிட்டால் கூட்டத்தில் எழுந்து நிற்பேன்.

ஓய்வுபெற்ற வாத்தியார்:
வருகிறேன். ஆனால் என் முழங்கால் பழைய முழங்கால் இல்லை. பிள்ளைகள் நடக்கட்டும், நான் டிராமில் வந்து மேலே காத்திருக்கிறேன். அதைப் படம் எடுத்து இங்கே போடக் கூடாது, இப்போதே சொல்லிவிட்டேன்.